இரண்டு லாரிகளுக்கு நடுவில் ஒரு கோடு

திருவொற்றியூரில் எங்கள் வீடு எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் பகலெல்லாம் வாசலைத் தாண்டும். ஒவ்வொன்றும் போகும்போது சோற்றுப்பானை மூடி முதல் என் மேசை வரை எல்லாம் ஆடும். அந்த மேசையில்தான் கணினியில் படம் போடப் பழகினேன்.

அப்போது வண்ணாரப்பேட்டையில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். நகரத்தின் தெற்கே ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோவில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. பென்சில் படத்தைத் திரையில் வைத்து அதன்மேல் சுத்தமான கோடு இழுக்கும் வேலை. ஒரு மணி நேரத்தில் முப்பது படம், அதுதான் தேர்வு. அந்த வேலை எனக்கு வேண்டும். அதற்கு முன் எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

லாரி ஓட்டும் என் அண்ணன் பர்மா பஜாரில், கணினியில் செருகிப் படம் போடும் பலகை ஒன்றை, ஒரு பழைய டேப்லெட்டை, அதன் பேனாவோடு வாங்கி வந்தான். பலகையில் இழுத்தால் கோடு திரையில் விழும். விழுந்ததெல்லாம் மண்புழு. மென்பொருளில் கோட்டை வழவழப்பாக்கும் அளவை ஏற்றிப் பார்த்தேன். நடுக்கம் போயிற்று, கூடவே மூக்கும் முழங்கையும் மழுங்கி ஆள் இட்லி மாதிரி ஆனான். அளவைக் குறைத்துவிட்டு, மணிக்கட்டை அசைக்காமல் முழுக்கையால் ஒரே வீச்சில் இழுத்தேன். மெதுவாகப் போனால்தான் நடுங்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. கருவியை மாற்ற மெனுவுக்குப் போய்த் தேடும் நேரமும் வீண். விசையைத் தட்டியே கருவியை மாற்றலாம் என்பதால், இடது கையை விசைப்பலகையை விட்டு எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

லாரிதான் அடங்கவில்லை. அவனும் லாரிக்காரன்தானே என்று அண்ணனிடம் சண்டை போட்டேன்.

"என்னான்ட இன்னாத்துக்கு பேஜார் பண்ற? லாரி வர்சொல்ல கைய தூக்கு, போனப்பறம் இழு," என்றான்.

அப்படியே செய்தேன். நாலு கோட்டுக்கு ஒரு லாரி வரும். இரண்டு மாதத்தில், நாலு கோடு போட்டதும் கை தானாகவே எழும்பி நிற்கப் பழகிவிட்டது.

தேர்வு அறையில் ஏசி ஓடியது, வேறு சத்தமே இல்லை. ஒரு கோட்டைக்கூட அழித்துப் போடவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் முடிந்தபோது பத்தொன்பது படம்தான் ஆகியிருந்தது.

"கோடு நல்லா இருக்கு. நடுவுல நடுவுல பேனாவைத் தூக்கிக்கிட்டு எதுக்குக் காத்திருந்தீங்க?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வராத லாரிக்குக் காத்திருந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. என் கைமேல் கோபம் கோபமாக வந்தது.

"நேரம் முடிஞ்சுது. அடுத்தவங்க உட்காரணும்," என்றார்.

"முடிச்சிட்டு எழுந்துக்கிறேன் சார்."

அடுத்து உட்கார வேண்டிய பெண் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, நிறுத்தாமல் இழுத்தேன். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார், என் திரையைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணை வேறு கணினிக்குப் போகச் சொன்னார்.

மீதிப் பதினொன்றும் கால் மணியில் முடிந்தன. வேலை கிடைக்குமா என்று கேட்டால் கிடைக்காது என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அதனால், "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் சார்?" என்று கேட்டேன்.

மேற்பார்வையாளர் முப்பது படத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

"ஒன்பதரைக்கு," என்றார்.