ரிலே ஓரத்துச் சிவப்புப் புள்ளி

இது நடந்தது. இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. நம்ப மாட்டேன் என்பவர்கள் அறந்தாங்கிக்கு வந்து கலைமதியையே கேட்டுக்கொள்ளலாம். மோட்டார் ரூம் பக்கம் மட்டும் கூப்பிடாதீர்கள், வர மாட்டாள். இன்னொன்று. பேய் என்றாலே நடுராத்திரி, நாய் ஊளை என்று பழகிவிட்டீர்கள். இது பட்டப்பகல். போன ஆவணியில், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு வியாழக்கிழமை.

கலைமதி வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே ஒரு கம்பெனிக்கு சர்க்யூட் போர்டு வேலை பார்ப்பவள். அன்றைக்குக் கையில் இருந்தது, வயல் மோட்டாரை செல்போனிலேயே போட்டு நிறுத்தும் பெட்டியின் போர்டு. வரைந்தது அவள் இல்லை, விக்ரம் என்பவன். அவன் பங்குனியில் வேலையை விட்டுப் போய்விட்டான் என்று மேனேஜர் ரம்யா சொல்லியிருந்தாள். மிச்சம் ஒரே வேலைதான். போர்டில் எந்த இடத்தில் வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று சாஃப்ட்வேர் நிறத்தில் காட்டும். நீலம் என்றால் நல்லது. சிவப்பு என்றால் ஆபத்து. பார்த்துவிட்டு ஐந்து மணிக்குள் சம்மதம் அனுப்பினால் ஐந்நூறு போர்டு தயாராகும்.

அதே போர்டு வைத்த சோதனைப் பெட்டி ஒன்று, கறம்பக்குடிப் பக்கம் அவள் அண்ணன் அன்புமொழியின் வயலில் ஏற்கெனவே மாட்டியிருந்தது. "எந் தங்கச்சி கம்பெனிப் பொட்டி" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான் மனுஷன்.

மதியம் 2:10. விக்ரம் சேமித்து வைத்திருந்த சோதனை முடிவைத் திறந்தாள். முழுப் போர்டும் நீலம். அப்பாடா என்று தண்ணீர் குடிக்கப் போனாள்.

2:14. திரும்பி வந்தால், மோட்டாருக்குக் கரண்ட் விடும் ரிலேயின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. மிளகு அளவுதான். மூடித் திறந்தாள். நீலம். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள்... மறுபடி சிவப்பு. இப்போது கொஞ்சம் பெரிதாக இருந்தது.

முதலில் சாஃப்ட்வேர் மேல் சந்தேகம். அப்புறம், கம்பெனியில் எவனோ உட்கார்ந்து விளையாடுகிறான் என்று சந்தேகம். ரம்யாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இந்த ஃபைல வேற யாராச்சும் தொறந்திருக்காங்களா?"

"ஒன்னத் தவிர யாருமில்லையே."

"விக்ரம்?"

ரம்யாவின் குரல் சட்டென்று மாறியது.

"அவன் பேச்சு இப்ப எதுக்கு? சம்மதத்த அனுப்பு கலை."

போன் வைக்கப்பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று கலைமதிக்குப் பட்டது. எதை என்றுதான் தெரியவில்லை.

2:52. மவுஸில் அவள் கை இல்லை. அம்புக்குறி மெல்ல நகர்ந்தது. சிவப்புப் புள்ளியின் மேல் போய் நின்றது. 3.9 வோல்ட் என்று காட்டியது. ஐந்து இருக்க வேண்டிய இடம் அது. அதன் கீழே, சோதனை ஓடிய நேரம்... மாலை 4:12.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். 2:53.

ஆனாலும் எழுந்து ஓடவில்லை, பிடிவாதக்காரி. அந்த நீலப் படம் எப்போது எடுத்தது என்று தேடினாள். தை மாதம். போர்டைத் திருத்தியதோ மாசியில். ஒரு திருகு ஓட்டைக்கு இடம் விடுவதற்காக, ரிலே ஓரத்துச் செம்புப் பாதையை விக்ரம் ஒட்ட நறுக்கியிருந்தான். நறுக்கிய பிறகு சோதனையை மறுபடி ஓட்டவே இல்லை. பழைய நீலத்தை நம்பிவிட்டான்.

அடிப்பாவி, நானும் அதைத்தானே நம்பி அனுப்பப் பார்த்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். புதிதாக ஓட்டவிட்டாள். ஒரு மணி நேரம் பிடித்தது.

3:56. அதே இடம். அதே சிவப்பு. அதே 3.9.

அவ்வளவு இறங்கினால் பெட்டியின் மூளை மயங்கும். 'நிறுத்து' என்று சொன்னதை மறந்துவிடும். கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓடவிடும்.

காலையில் அண்ணன் போனில் சொன்னது ஞாபகம் வந்தது.

"நாலு மணிக்கு மேலதான் மும்முனைக் கரண்டு வரும். அதுக்குள்ள கம்ப்ரசர் பெல்ட்ட மாத்திப்புடுறேன் ஆத்தா."

ப்யூஸைப் பிடுங்க மாட்டான். செல்போனில் நிறுத்திவிட்டு, மோட்டார் சுற்றும் அந்த பெல்ட்டுக்குள் கையை விடுவான். தங்கச்சியின் பெட்டி மேல் அத்தனை நம்பிக்கை.

3:58. எடுக்கவில்லை.

4:03. எடுக்கவில்லை.

4:10. ரிங் போகிறது... போகிறது...

"எடுண்ணே... எடுத்துத் தொலையேன்..."

4:12.

டிக்.

ரிலே ஒட்டும் சத்தம். லேப்டாப்புக்குள்ளிருந்து.

லேப்டாப்பில் ஏது ரிலே?

திரையில் சிவப்பு அணைந்தது.

4:16. போன் அடித்தது. அண்ணன்.

"ஆத்தா... மோட்டாரு தானா ஓடிருச்சு. கை போயிருக்கும். நல்லவேளை, ஒங்க கம்பெனிப் பையன் வந்தான்."

"எந்தப் பையன்?"

"வரப்புல நின்னு, 'அண்ணே, கைய எடுத்துட்டு இங்கிட்டு வாங்க'ன்னு கத்துனான். எந்திரிச்சுப் போனேன். வலது கையில துண்டச் சுத்தியிருந்தான். என்னப்பா, ரத்தமால்ல இருக்குன்னேன். 'அது காஞ்சு போச்சுண்ணே'ன்னான். அப்பத்தான் மோட்டாரு கெளம்புச்சு. அங்கிட்டுத் திரும்பிப் பாத்துட்டு இங்கிட்டுப் பாக்குறேன்... ஆளக் காணோம்."

கலைமதி ஓவென்று அழுதாள். அழுது முடித்து, சரியாக ஐந்து மணிக்கு 'வேண்டாம்' என்று அனுப்பினாள்.

5:04. ரம்யா.

"எதுக்கு ரெண்டு தடவ 'வேண்டாம்'னு அனுப்புன?"

"ஒருக்காத்தான் அனுப்புனேன்."

"ரெண்டு வந்திருக்கு கலை. நாலு பன்னெண்டுக்கு ஒண்ணு..."

"அதுல யாரு பேரு இருக்கு?"

அப்போதுதான் அவள் அந்தப் பெயரைப் பார்த்தாள் போலும். பிறகு விசும்பல்.

"அவன் வேலைய விட்டுப் போகல கலை. ஆவுடையார்கோவில் பக்கம் மொதப் பொட்டிய மாட்டப் போனான். பெல்ட்டு வலது கைய இழுத்துக்கிச்சு. மூணாம் நாளு செத்துட்டான். அவன் கவனக்கொறவுன்னு மூடி மறைச்சிட்டோம்..."

கலைமதி லேப்டாப்பை மூடினாள்.

"அவன் லாகின் ஐடிய அன்னைக்கே நான்தான் அழிச்சேன். எங் கையால அழிச்சேன் கலை... அழிச்ச பேருல இருந்து எப்படி வரும்?"