எந்த இடத்து மாடலோ அந்த இடத்து மண்ணு

கையடக்கமா மரம், வயலு, ரோடு செஞ்சு பொழைக்கிறவனுக்கு முதல்ல வேண்டியது பசையோ பெயின்ட்டோ இல்ல, அடுத்தவங்க முறைச்சுப் பாக்கறதைத் தாங்கற மூஞ்சி. ரெண்டாயிரத்து நாலுல இருந்து எட்டு வருஷம், கடலூர் ஓ.டி.யில, அதான் பழைய டவுன்ல, ஒரு தகரக் கொட்டாயில இந்த வேலையைப் பாத்தேன். வீடு கட்டறவங்க, மனை விக்கறவங்க, கண்காட்சி வைக்கிற காலேஜ்காரங்க, இவங்கதான் என் கஸ்டமர். பிளாஸ்டிக் மரத்தை நான் தொட மாட்டேன். காஞ்ச துளசிக் குச்சியில மரம், பீர்க்கங்கூட்டைப் பிச்சுப் புதர், சாயம் போட்ட மரத்தூள்ல புல்லு, டீத்தூள் சக்கையில ரோடு. மண்ணு மட்டும் எந்த இடத்து மாடலோ அந்த இடத்துக்கே போய் அள்ளிக்கிட்டு வருவேன். இதைச் சொல்லிச் சொல்லியே ஆர்டர் புடிச்சேன். கண்டவங்க கிட்டயும் பையைத் தொறந்து காட்டியே பாதி ஆயுசு போன ஜீவன் உங்கள்ல யாராவது இருந்தா, வாங்க, பக்கத்துல உக்காருங்க.

ரெண்டு கோணி துளசி

பாண்டிச்சேரியில ஒரு தோட்டக்காரரு காஞ்ச துளசிக் குச்சி சும்மாவே தரேன்னாரு. விடுவனா? ரெண்டு கோணி நிறைய அடைச்சுக்கிட்டு பஸ் ஏறினேன். எல்லையில பஸ்ஸை நிறுத்தி யாராவது பாட்டில் கடத்தறாங்களான்னு பாக்கறது நம்ம பக்கத்து வழக்கம். ஏட்டு என் கோணியில கைய விட்டாரு. காஞ்ச தண்டு, காஞ்ச பூங்கொத்து, அதுல ஒரு வாசனை வேற. என்னை எறக்கிட்டாங்க. பஸ் போயே போயிடுச்சு.

"சார், இது மரம் சார்"ன்னேன். அவரு என்னை ஏற எறங்கப் பாத்தாரு. நிரூபிச்சுக் காட்டறேன் பேர்வழின்னு தோள்பையில இருந்து புல்லுக்கு வச்சிருந்த ஒரு பொட்டலம் பச்சைத் தூளை எடுத்தேன் பாருங்க, அங்கதான் கெட்டுது. நாலு பேரு சுத்தி நின்னுட்டாங்க. கசக்கி மோந்து பாத்தாங்க, ஒருத்தரு வாயிலயே போட்டுப் பாத்தாரு. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஏட்டு கோணியை என் பக்கம் காலால தள்ளிட்டுச் சொன்னாரு: "கஞ்சாவா இருந்தா புடிச்சி நாலு வரி எழுதிட்டு வூட்டுக்குப் போயிருப்பேன். இதுக்கு என்னான்னுய்யா எழுதறது?"

ரோடு போட்டது போக

எங்க கொட்டாய்க்கு எதிர்ல ஒரு டீக்கடை. மாஸ்டர் வடிகட்டியைத் தட்டற இடத்துல தெனம் ஒரு டப்பாவை நீட்டுவேன். சக்கையைக் காய வச்சா அசல் செம்மண் ரோடு கணக்கா இருக்கும். ஒரு வாரம் போச்சு, மாஸ்டர் சக்கையை எண்ணி எண்ணிப் போட ஆரம்பிச்சாரு. பத்தாம் நாளு, வந்த கஸ்டமருங்க கிட்ட எல்லாம், நான் சக்கையைத் திரும்ப சாயம் ஏத்திப் புதுத்தூளுன்னு விக்கறதா சொல்லிட்டாரு.

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் மாடலைக் காட்டினேன். குனிஞ்சு பாத்தாரு, ரோட்டை வெரலால தடவினாரு, வெரலை மோந்தாரு. அப்புறம் மூலை முடுக்கெல்லாம் ஒரு சுத்து பாத்துட்டுக் கேட்டாரு: "சரி சார், இது ரோடு. ரோடு போட்டது போக மீதித் தூளு எங்க?"

வேப்பமரம்

லால்பேட்டையில இருந்து ஒரு பாய். சவுதியில சம்பாரிச்சு வந்து வீடு கட்டப் போறாரு, அதுக்கு மாடல். மனைக்கு நடுவால வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் அவரு அண்ணன் மனை. வேலியை ஒட்டி ஒரு வேப்பமரம். நான் போய் அளந்து, மரம் எங்க இருக்கோ அங்க வச்சேன். அது வேலிக்கு அரை விரக்கடை அந்தப் பக்கம் விழுந்துச்சு.

டெலிவரி எடுக்க வந்தவரு வீட்டைப் பாக்கல, மாடியைப் பாக்கல, மரத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. டீ வாங்கிக் குடுத்தேன், தொடல. கடைசியில குரலைத் தாழ்த்திக் கேட்டாரு: "தம்பி, அல்லாவுக்காக உண்மையச் சொல்லுங்க. எங்கண்ணன் உங்களை எப்ப வந்து பாத்தாரு?"

பொண்ணு குடுத்தவரு

இவங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிடற ஆளு ஒருத்தரு இருந்தாரு, என் மாமனாரு. திட்டக்குடி பக்கம் விவசாயம். பஸ் டிக்கெட்டை வாங்கினா வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு. தேங்காயை ஆட்டிப் பாக்காம வாங்க மாட்டாரு, வாங்கினதையும் வீட்டுல வந்து இன்னொரு வாட்டி ஆட்டுவாரு. கல்யாணம் ஆன புதுசுல என் கொட்டாயைப் பாக்க வந்தாரு. மாஞ்சு மாஞ்சு ஒரு மணி நேரம் எல்லாத்தையும் வெளக்கினேன். மண்ணை ஏன் இரும்புச் சட்டியில வறுக்கணும்னு கூடச் சொன்னேன். வறுக்கலன்னா வெதை, பூச்சி எல்லாம் உசுரோட கெடந்து, அப்புறமா மாடல்ல கிளம்பிடும்.

எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. எனக்கோ பெருமை தாங்கல. பஸ் ஏத்தி விடப் போனேன். படியில ஒரு காலை வச்சுக்கிட்டு, யாரும் கேக்கலையேன்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு, என் காதுகிட்ட குனிஞ்சாரு: "எல்லாம் சரி மாப்ள. நெசமா நீங்க என்ன வேல பாக்கறீங்க?"

மதகு

இப்ப சொல்லப் போறது பெருமைப்பட்டுக்கற விஷயம் இல்ல. குறிஞ்சிப்பாடி தாண்டி ஒரு மனைப்பிரிவு. புரமோட்டர் அவசரமா மாடல் கேட்டாரு. வழக்கம் போல மண்ணெடுக்கப் போனேன். ஓரத்துல செங்கல் கட்டின பழைய மதகு ஒண்ணு நின்னுச்சு. ஏரி இல்லாம மதகு எதுக்குங்க? மண்ணைச் சலிச்சா கோரை வேரு, மீன் முள்ளு, கூழாங்கல்லு மாதிரி உருண்டைங்க. ஏரியைத்தான் தூத்துப் பிளாட்டு போட்டிருக்காங்கன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஊர்ல அத்தனை பேரு என்னைச் சந்தேகப்பட்டாங்களே, எனக்கு வந்த ஒரே நியாயமான சந்தேகத்தை வாயில வச்சு முழுங்கிட்டேன். நல்ல கஸ்டமரு, வருஷத்துக்கு நாலு மாடல் குடுக்கறவரு.

போன்ல, மதகை எங்க சார் வைக்கறதுன்னு மட்டும் கேட்டேன். அவரு ஒரு நொடி கூட யோசிக்கல: "அதை ஏன்யா வைக்கிற? அந்த எடத்துல பார்க் போடு. மரத்தை நல்லா அடர்த்தியா வை."

பார்க்

வச்சேன். சலிச்சதுல நின்ன உருண்டைங்களையே பார்க் மேடா குவிச்சேன். அவசரத்துல மண்ணை வறுக்கல. பசைத் தண்ணி தெளிச்சு, ஈரம் காயறதுக்குள்ள கண்ணாடி மூடியைப் போட்டு புரமோட்டரோட சிதம்பரம் ஆபீசுக்கு அனுப்பிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு மாமா போன் பண்ணாரு. திட்டக்குடியில கொல்லை நிலத்தை வித்துட்டாராம். ரெண்டாவது பொண்ணுக்காக மனை வாங்கறாராம், வெள்ளிக்கிழமை பதிவு, நீங்களும் வந்து ஒரு வாட்டி பாருங்கன்னாரு. சிதம்பரத்துல அவரு பின்னாடியே போனா, அவரு ஏறினது அதே புரமோட்டர் ஆபீஸ் படி. உள்ள என் மாடல்! புரமோட்டர் என்னைப் பாத்துச் சிரிச்சு, இவரு செஞ்ச மாடல்தான்னாரு. மாமா முகத்துல அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பாத்ததே இல்ல. "மாப்ள கையால செஞ்சதா? அப்ப எடத்துக்குப் போயி பாக்க வேண்டியதே இல்ல"ன்னாரு. தேங்காயை ரெண்டு வாட்டி ஆட்டற மனுஷன்! ஆயுசு பூரா உழுத கொல்லையை வித்த பணம் அவரு மடியில இருந்துச்சு. இன்னும் ரெண்டு எடம் பாக்கலாம் மாமான்னு இழுத்தேன். புரமோட்டர் சிரிப்பை நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. நான் வாயை மூடிக்கிட்டேன். என் மேலயே எனக்கு அருவருப்பா இருந்துச்சு.

மாமா கண்ணாடி மேல குனிஞ்சாரு. குனிஞ்சவரு நிமிரவே இல்ல. பார்க் மேட்டுல நான் கூழாங்கல்லுன்னு நெனைச்சு வச்சது ஒண்ணு மெதுவா நகர்ந்துச்சு. நத்தை. ஈரம் கண்டதும் முழிச்சுக்கிட்டு, கொம்பை நீட்டி, முப்பத்தேழாம் நம்பர் வீட்டு மேல ஏறிக்கிட்டு இருந்துச்சு. மாமா என் பக்கம் திரும்பி, "மண்ணு எங்க எடுத்தது?"ன்னாரு.

"அங்கயேதான் மாமா. அது ஏரி. மதகு இருந்துச்சு. நான்தான் அதை எடுத்துட்டு பார்க் வச்சேன்." சொல்லிட்டேன். புரமோட்டர் கத்தின கத்துல வாசல்ல கூட்டம் கூடிடுச்சு. நத்தையை நானே புடிச்சு விட்டேன்னாரு, இனிமே இந்த ஜில்லாவுல உனக்கு ஒரு ஆர்டர் கெடைக்காதுன்னாரு. ரெண்டாவது விஷயத்துல அவரு சொன்ன வாக்கைக் காப்பாத்தினாரு. அதோட கொட்டாயை மூடினேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மாமா எனக்கு முன்னாடியே நடந்தாரு. மடியில இருந்த துணிப்பையை ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தாரு. திட்டக்குடி பஸ் வந்துச்சு. படியில ஒரு காலை வச்சுட்டுத் திரும்பினாரு: "அன்னிக்கி உங்க வேல என்னான்னு கேட்டேன் மாப்ள. இன்னிக்கித்தான் தெரிஞ்சிது."

சந்தேகப்பட்ட அத்தனை பேரு முன்னாடியும் எட்டு வருஷம் யோக்கியனா நின்னவனுக்கு, நம்பின ஒரே ஒரு மனுஷன் முன்னாடி வாயைத் தொறக்க ஒரு நத்தை நகர வேண்டியிருந்துச்சு.