லினக்ஸ் ஏற்றிய ஞாயிறு

“கம்ப்யூட்டர் ரமேசுக்கு மூணாவதும் பொம்பளப் புள்ளையாம், கேட்டீகளா டீச்சரு? அப்பன் மூக்கு அப்படியே இருக்காம்!”

“அந்த மூக்கு கெடக்கட்டும். கடைக் கதையச் சொல்லுங்க, எழுதணும்ல” என்று பக்கத்து வீட்டு வசந்தா டீச்சர் பேனாவைத் தட்டினார். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார்.

சின்னமனூரில் செல்வராசு வைத்திருந்த டி.டி.பி. கடையில் ஜெராக்ஸ் எடுப்பதும் பேப்பர் வெட்டுவதும் என் வேலை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் அங்கேயே எடுப்போம். காசு கொடுத்து வாங்காத விண்டோஸ் வைத்திருந்தால் பிடிக்கிறார்கள் என்று பஜாரெல்லாம் பேச்சு. பயந்துபோன செல்வராசு, தேனியிலிருந்து ரமேசை வரச்சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில், விண்டோசுக்குப் பதிலாகக் காசில்லாமல் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் சிடியோடு வந்தான்.

“வேண்டியதெல்லாம் காப்பி எடுத்தாச்சாண்ணே? மொத்த டிஸ்க்கையும் அழிச்சிட்டுத்தான் ஏத்துவேன்.”

“ஃபான்ட், கல்யாணப் பத்திரிகை மாடல் எல்லாம் எடுத்துட்டேன்.”

“போட்டோ?”

“அதெல்லாம் டெலிவரி குடுத்தது. குப்பைடா, போகட்டும்.”

கொடுத்து முடிந்த போட்டோவைக் குப்பையாக நினைப்பதுதான் கடை வழக்கம்.

மத்தியானத்துக்குள் லினக்ஸ் ஏறிவிட்டது. தமிழ் அடிக்க, படம் திருத்த என்று செல்வராசு கேட்டதையெல்லாம் ரமேசு ஒவ்வொன்றாகப் போட்டான். “அக்காவுக்கு என்ன வேணும்?” என்றான்.

“சீட்டு வெளையாட்டு இருக்காடா?”

இருந்தது! எனக்கு ஒரே குஷி.

அப்போதுதான் வருசநாட்டு முத்தையா உள்ளே வந்தார். கண் வீங்கியிருந்தது.

“தம்பி, எம் பொண்டாட்டி காலையில போயிட்டா. போன மாசம் மகளிர் குழு லோனுக்கு இங்கனதான் போட்டோ எடுத்தா. அதப் பெருசாக்கி போஸ்டர் போட்டுக் குடுங்க. மால போடவும் ஒண்ணு வேணும்.”

“குடுத்த காப்பி இருக்கா அய்யா?”

“அம்புட்டையும் பேங்குல வாங்கிட்டாகளே.”

“ஓட்டு கார்டுல?”

“அதுல கரிக்கட்டையாட்டம் இருக்கா. அவ மூஞ்சி தெரியுற படம் இங்கன இருக்குறது ஒண்ணுதான்.”

செல்வராசு ரமேசைப் பார்த்தார். ரமேசு திரையைப் பார்த்தான். திரையில் என் சீட்டுக்கட்டு இருந்தது.

“பழசு இருந்த எடத்துல புதுசு எழுதிருச்சுண்ணே, இனி எடுக்க முடியாது” என்றான் மெதுவாக. அன்று பேங்க் கிடையாது. வேறு வழியில்லாமல், போட்டோ வருகிற இடத்தில் குத்துவிளக்குப் படத்தை வைத்து போஸ்டர் அடித்தோம். முத்தையா அதைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

“வெளக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவ இல்லயே தம்பி.”

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் செல்வராசு பேங்குக்கு ஓடினார். லோன் பாரமெல்லாம் போட்டோவோடு மதுரைக்குப் போய்விட்டதாம். அந்தப் படம் கடைசிவரை திரும்பவில்லை.

அதற்குப் பிறகு கடைக்கு எந்த சிடி வந்தாலும் நான் மிஷின் முன்னால் போய் நின்றுகொள்வேன்.

“ஏலே, உள்ள ஆரு ஆரு இருக்காகன்னு பாத்துட்டு அழி.”

ரமேசு சிரிக்க மாட்டான். ஒவ்வொரு முகமாகத் திறந்து காட்டுவான். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். முத்தையா மட்டும் அதற்கப்புறம் எங்கள் கடைப் பக்கம்…

“அய்யய்யோ, சோறு பொங்கி அடுப்ப அணைச்சிருச்சு! இருங்க டீச்சரு, வடிச்சிட்டு வாரேன்.”