அத்தானின் குரலும் ஒரு மறுதொடக்கமும்

சாம்பல் நிறத்தில் ஒரு மேசைத் தொலைபேசி. சுருள் வயரின் நடுவில் ஒரு முறுக்கு, எத்தனை தரம் அவிழ்த்துவிட்டாலும் மறுநாள் திரும்பவும் விழுந்திருக்கும். அதன் நெற்றியில் நான் ஒட்டிய துண்டுக் காகிதத்தில் இருபத்தொன்று என்ற எண். அதை அத்தானின் கட்டில் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தபோது, "என்ன மச்சாள், ஆஸ்பத்திரியில கட்டிலுக்கு நம்பர் அடிக்கிற மாதிரி எனக்கும் அடிச்சாச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்போது அவருடைய தொண்டையில் ஒரு கரகரப்பு மட்டும்தான் இருந்தது. தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். களுவாஞ்சிக்குடிக்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி, கலியாணம் முடித்ததும் பெண்வீட்டு வளவுக்கு, நாவற்குடாவுக்கு, வந்துசேர்ந்தவர். வளவு ஒன்று, வீடு இரண்டு. அக்காவுடையது முன்னால், என்னுடையது பின்னால், நடுவில் ஒரு தென்னங்கிடுகு வேலி. அத்தான் தூணில் ஏறி டெலிபோன் லைன் இழுக்கும் வேலையில் இருந்தார். முழங்கால் பழுதான பிறகு தூணை விட்டுவிட்டு வீட்டிலிருந்தபடி போன் திருத்திக் கொடுத்தார். நான் கணினியோடு மல்லுக்கட்டுகிறவள். ஓர் அலுவலகத்துக்கு அழைத்தால், "தமிழுக்கு இரண்டை அழுத்தவும்" என்று ஒரு குரல் வருமே, அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு கணினி இருக்கிறது. அதில் ஓடும் மென்பொருள் ஒன்றை எவரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம். முகம் தெரியாத கொஞ்சப் பேர் பல நாடுகளில் இருந்துகொண்டு அதைப் பராமரிக்கிறோம். தமிழ்ப் பகுதியும், நிறுவிப் பார்க்கும் வேலையும் என் பொறுப்பு.

சோதனை அழைப்புக்கு ஒரு ஆள் வேண்டும். அத்தானைவிட யார் கிடைப்பார்? எல்லாரும் ஹலோ, ஹலோ என்று கத்துவார்கள். அவர் பஸ் கண்டக்டர் மாதிரி ஊர்களைச் சொல்லுவார். "கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம்..." என்று களுவாஞ்சிக்குடி மட்டும் ஒரே மூச்சு. இடையில் ஓர் ஊர் காதில் விழவில்லை என்றால் அந்த இடத்தில் இணைப்பு தடுமாறியிருக்கிறது என்று அர்த்தம். "கிரான்குளம் விழுந்திட்டுது அத்தான்" என்பேன். "அங்க இறங்க இருந்த சனம் எல்லாம் இப்ப என்னைப் பேசப் போகுது" என்பார். அவருடைய குரல் எனக்கு இரண்டு தரம் கேட்கும். வேலிக்கு மேலால் ஒரு தரம், பிறகு காதில் வைத்திருக்கும் போனால் ஒரு தரம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை வைத்தே வேகம் போதுமா போதாதா என்று தீர்மானித்துவிடுவேன். வெளிநாட்டில் இருந்த எங்கள் குழுவினர் இதைக் கேட்டு விழுந்துவிழுந்து சிரித்தார்கள்.

அந்த வருடம்தான் எங்களுக்குப் பெரிய வேலை வந்தது. மென்பொருள் அதுவரை நின்றுகொண்டிருந்த இயங்குதளத்துக்கு இனிமேல் திருத்தங்கள் வராது என்று அறிவித்துவிட்டார்கள். முழுதையும் வேறோர் இயங்குதளத்துக்கு மாற்றிப் புதிய வெளியீடு தயாரிக்க வேண்டும். வீடு மாறுவது போலத்தான். சட்டி பானை எல்லாம் அதே சட்டி பானை, ஆனால் கை நீட்டிய இடத்தில் உப்புப் போத்தல் இருக்காது. பழைய இடத்தில் பழகிய கை எங்கெங்கே தடுமாறும் என்று பட்டியல் போட்டு, பாவனையாளருக்கான எச்சரிக்கைக் குறிப்புகள் எழுதினேன். அதில் ஒன்று இது: "பழைய இயங்குதளத்தில் தற்காலிகக் கோப்புறையில் இருப்பவை பல நாட்களுக்கு அப்படியே இருக்கும். புதியதில், கணினியை மறுதொடக்கம் செய்தவுடன் அனைத்தும் அழிந்துவிடும். தேவையானவற்றை உடனே வேறிடத்தில் சேமித்துக்கொள்ளவும்." நான் எழுதியதுதான். தமிழிலும் நான்தான் எழுதினேன், ஆங்கிலத்திலும் நான்தான் எழுதினேன். பாழாய்ப்போன கை!

கரகரப்பு போகவில்லை. இரண்டு மாதம் அலைந்த பிறகு கட்டி என்றார்கள். கொழும்பில் ஒப்பரேசன். உயிர் தப்ப வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும், பிறகு பேச முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அக்கா மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. அத்தான் மட்டும் வேலியடியில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார்.

"மச்சாள், உங்கட கொம்பியூட்டர் பெட்டியில இப்ப தமிழ் பறையிறது ஆரு? செய்தி வாசிக்கிறவன் பொண்டாட்டியோட கோவிச்சிட்டு வந்து இருக்கிற மாதிரிக் கிடக்கு. என்ர குரல எடுங்க. அங்க வெட்டி எறியத்தானே போறானுகள், நீங்களாவது வெச்சிருங்க."

பகிடியாகத்தான் சொன்னார். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு கிழமை பதிவு செய்தோம். இருபத்தொன்றாம் போனிலிருந்து ஒரு விசேட இலக்கத்தை அழுத்தினால் மணி அடிக்கும், பேசி முடிந்ததும் கீழ்மூலைப் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பேசியது முதலில், புதிய இயங்குதளத்துக்கு மாறிவிட்ட என் கணினியின் தற்காலிகக் கோப்புறையில் போய் இருக்கும். நான் அதற்கு ஒரு பெயர் கொடுத்து நிரந்தர இடத்தில் சேமிப்பேன். ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள், கிழமைகள், மாதங்கள், "தயவுசெய்து காத்திருக்கவும்", "நீங்கள் அழைத்தவர் வேறோர் அழைப்பில் இருக்கிறார்". ஒவ்வொன்றையும் உடனுக்குடன் சேமித்தேன். களைத்துப் போவார், சுடுதண்ணீர் குடிப்பார், திரும்பவும் தொடங்குவார். "வியாழன்" என்ற சொல்லை மட்டும் ஏழு தரம் சொன்னார். திருத்தமாக வராவிட்டால் விடமாட்டார்.

கொழும்புக்குப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் கடைசிச் சொல்லும் முடிந்தது. அப்போதுதான் சொன்னார்.

"மறுகா இன்னொண்டு இருக்கு மச்சாள். அது பெட்டிக்கில்ல, மகளுக்கு. நீங்க கேக்கப்படாது. அவள் ஓ.எல். சோதனை எழுதி முடிச்சாப் பிறகு குடுங்க."

"இப்பவே சொல்லலாமே அத்தான்?"

"முகத்தப் பாத்துச் சொன்னா ரெண்டு பேரும் அழுவம். ஒண்டும் மண்டையில ஏறாது."

"அப்ப எழுதியாவது..."

"எழுத்தில என்ர சத்தம் வருமா புள்ள?"

மகளுக்கு அப்போது பதினான்கு வயது. அந்த நேரம் டியூசனுக்குப் போயிருந்தாள். நான் என் வீட்டுக்கு வந்து, வேலிப்பக்கத்து யன்னலைச் சாத்தினேன். வேலிக்கு மேலால் சொற்கள் வந்துவிடும் என்று பயந்து, வானொலியையும் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அவ்வளவு நேர்மையாக இருந்தேன் பாருங்கள். இன்றைக்கு நினைத்தால் அந்த யன்னலில் தலையை மோதிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. திறந்து வைத்திருந்தால் நாலு சொல்லாவது காதில் விழுந்திருக்கும்.

அன்றைக்கே பெயர் கொடுத்துச் சேமித்திருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் அக்கா கூப்பிட்டாள், பெட்டி அடுக்க வேண்டும், மருத்துவத் துண்டுகளைத் தேட வேண்டும், மகளை என் வீட்டில் படுக்க வைக்க வேண்டும். விடிந்ததும் ரயிலடிக்குப் போனோம். ரயில் வெளிக்கிட்ட பிறகும் அத்தான் யன்னலால் தலையை நீட்டி, "கல்லடி, நாவற்குடா..." என்று கத்தினார். அது அந்தப் பக்கம் போகிற ரயிலே இல்லை. மகள் சிரித்தாள். அவருடைய வாயிலிருந்து நாங்கள் நேரில் கேட்டது அதுதான் கடைசி.

வீட்டுக்கு வந்தேன். குழுவினரிடமிருந்து செய்தி வந்திருந்தது. வெளியீட்டுக்கு முன் கடைசியாக, கணினியை மறுதொடக்கம் செய்து எல்லாச் சேவைகளும் தாமாக எழுந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும், உன்னுடைய முடிவு ஒன்றுதான் பாக்கி. கை தானாகப் போயிற்று. கட்டளையை அடித்தேன். ஒரு நிமிடத்துக்குள் அது எழுந்து நின்றது, ஒரு பிழையும் இல்லை. எனக்கு அப்படியொரு சந்தோசம். "சரி" என்று எழுதி அனுப்பிவிட்டு, பழஞ்சோற்றைக் குழைத்து ஒரு வாய் வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கோப்புறை வெறுமையாகக் கிடந்தது. கழுவிக் கவிழ்த்த பானை மாதிரி. குழுவில் இதில் கைதேர்ந்த ஒருவருக்கு எழுதினேன், மீட்க ஏதாவது வழி உண்டா என்று. புதிய இயங்குதளத்தில் அந்தக் கோப்புறை கணினியின் வன்வட்டில் எழுதப்படுவதே இல்லை, கணினி நின்றவுடன் அதுவும் இல்லை, வருந்துகிறேன் என்று பதில் வந்தது. கீழே, உன்னுடைய எச்சரிக்கைக் குறிப்பிலேயே இது தெளிவாக இருக்கிறதே என்றும் ஒரு வரி. அவர் குத்திக்காட்டவில்லை, பாவம், அவருக்கு என்ன தெரியும்?

மூன்று கிழமை கழித்து அத்தான் வந்தார். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி, பேச்சுக்குப் பதிலாக எழுதிக் காட்டக் கையில் ஒரு சீ.ஆர். கொப்பி. என்னைக் கண்டதும் முதலில் எழுதியது, "அது கவனமா?" மகளுக்கான பதிவு பத்திரமாக இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிமட்டும் வந்தது. ஆனால் அந்தக் கழுத்தைப் பார்த்தேன்.

"ஓம் அத்தான். கவனமா இருக்கு."

"கேட்டீங்களா?" என்று எழுதினார்.

"இல்ல அத்தான். சத்தியமா."

அது உண்மைதான். அவர் மனம் நிறைந்து சிரித்தார், சத்தமில்லாமல். அந்தச் சிரிப்பைக் காப்பாற்றிவிட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். சும்மா பேச்சு. பயம். எனக்காகத்தான் பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். வெளியீடு வந்தது, நன்றிக் குறிப்பில் அவருக்கும் ஓர் இடம் இருந்தது. சோதனையையும் அவர் விடவில்லை. நான் பேசுவேன், அவர் கேட்டுவிட்டு போனின் வாய்ப்பகுதியில் நகத்தால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தெளிவு, இரண்டு என்றால் உடைகிறது. வேலிக்கு மேலால் ஒன்றும் கேட்காது. போனில் மட்டும் அந்தத் தட்டு. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுவார். தண்ணீர் மோட்டருக்கு எப்போது எண்ணெய் விடுவது, யாருடைய போன் திருத்தி முடிந்தது, அக்காவுக்குப் பகிடி, எனக்குப் பகிடி. தன் குரலில் ஒன்று என்னிடம் இருப்பதை அக்காவுக்கும் மகளுக்கும்கூட அதில்தான் எழுதிக் காட்டினார். நாலு கொப்பிகள் முடிந்தன. கடைசிக் கிழமையில் என் கையைப் பிடித்து, "ஓ.எல். முடிஞ்சதும்" என்று எழுதினார். ஓம் என்று தலையாட்டினேன்.

போன கிழமை மகள் கடைசிப் பாடம் எழுதிவிட்டு, பள்ளிக்கூட உடுப்போடு நேராக என் வீட்டுக்கு வந்தாள். அடுத்த இயங்குதள வெளியீட்டுக்கான வேலை என் மேசையில் பாதியில் கிடந்தது. அக்காவும் பின்னால் வந்தாள், ஆனால் அறைக்குள் வரவில்லை. "முதல்ல அவள் கேக்கட்டும்" என்று வெளியே விறாந்தையில் இருந்துவிட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி அடுக்கியதையும், ரயிலையும், மறுதொடக்கத்தையும், பொய்யையும். அவரது குரலில் ஒன்றிலிருந்து நூறு வரை இருக்கிறது, கிழமைகள் இருக்கின்றன, "மகள்" என்ற சொல் இல்லை என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை. குனிந்து சப்பாத்து வாரை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள்.

"அப்பாட்ட அப்பவே உண்மையச் சொல்லியிருந்தா, கொப்பியில எழுதித் தந்திருப்பாரே சின்னம்மா."

எட்டு மாதம், நாலு கொப்பி. எழுத்தில் சத்தம் வராது என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் என்னை நானே சமாளித்து வந்திருக்கிறேன். பிள்ளைக்குச் சத்தம் வேண்டியிருக்கவில்லை. என்ன சொன்னார் என்பதுதான் வேண்டியிருந்தது.

"என்னை மன்னிச்சிரு மகள்" என்றேன். அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அக்கா எழுந்து நின்றாள். "கேட்டியா புள்ள? என்ன சொன்னாரு?"

"ஓம் அம்மா, கேட்டன்." அவளுடைய குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "உங்கட கறியில எப்பவும் புளி கூடவாம். தான் சொல்லாம இருந்தவராம். மத்தது முழுக்க எனக்கு மட்டுமாம், ஆருக்கும் சொல்லப்படாதாம்."

"பாரன் இந்த மனிசன! சாகப்போற நேரத்திலயும் என்ர புளியத்தான்..." என்று அக்கா சிரித்தாள், சிரித்தபடியே சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "எவ்வளவு நேரம் கதைச்சவரு?" என்று கேட்டாள்.

மகள் என் பக்கம் திரும்பினாள். யார் எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் பேசினார் என்ற பதிவேடு வன்வட்டில் எழுதப்படுவது. மறுதொடக்கத்தில் அது அழிவதில்லை.

"பதினொரு நிமிசம் அக்கா" என்றேன். நாங்கள் இருவரும் அன்று அவளுக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.