இடத்தனின் வலப்பக்கம்

அந்த மாட்டை நான்தான் அடித்தேன் என்று வைத்தியரிடம் சொல்லவில்லை. கல்லில் முட்டிக்கொண்டது என்றேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. அருமனையில் தேங்காய் ஏற்றிக் கடியப்பட்டணத்தில் இறக்கிவிட்டு, கருவாட்டோடு வண்டியைத் திருப்புவேன். நுகத்தின் இடப்பக்கம் பூட்டும் காளையை இடத்தன் என்றும் மற்றதை வலத்தன் என்றும் கூப்பிடுவது வழக்கம். இரண்டும் கன்றிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை. ஐப்பசி மழையில் ஓர் ஏற்றத்தில் சக்கரம் புதைந்தது. இடத்தன் முட்டுக்குத்தி விழுந்து எழ மறுத்தது. காலையிலிருந்து நனைந்த எரிச்சல் எனக்கு. வண்டியின் ஓரத்தில் செருகியிருந்த முளைக்கம்பை உருவி முதுகைப் பார்த்து ஓங்கினேன். அந்த நேரம் பார்த்து அது தலையைத் தூக்கியது. அடி இடக் கொம்புக்குப் பின்னால் விழுந்தது. சத்தமே இல்லாமல் சாய்ந்தது. மூக்கில் ரத்தம். வெகுநேரம் கழித்துத் தானாக எழுந்து நின்றபோது நடுரோட்டில் நின்று சாமியைக் கும்பிட்டேன்.

மறுநாள் என் மனைவிதான் கண்டாள்.

"இங்கேருங்க, இது கூடையில பாதி வைக்கோலத்தான் தின்னிருக்கு. வலப்பக்கம் அப்படியே கெடக்கு."

கூடையைத் திருப்பி வைத்தாள். மீதியையும் தின்றது.

மாட்டு வைத்தியர் வந்து வெயிலில் நிறுத்தி இமையைப் பிரித்துப் பார்த்தார். வலக்கண்ணுக்கு நேரே கையை வீசினார். அது இமைக்கவில்லை.

"கண்மணி வெயிலுக்குச் சுருங்குது. கண்ணுல ஒரு கேடும் இல்ல. கண்டத அறியுத இடம் மண்டைக்குள்ள சதஞ்சுபோச்சு. மண்டையில அடி இடப்பக்கம்னா பார்வை போறது வலப்பக்கமாக்கும். மருந்தொண்ணும் இல்ல, பாத்துக்கிடும்."

வலப்பக்கம்தான் வலத்தன் நிற்கும். அதன் நாக்கு மேலே பட்டதும் இடத்தன் மிரண்டு துள்ளும், கொம்பால் இடிக்கும். இரண்டு நாள் நக்கிப் பார்த்த வலத்தன் பிறகு தள்ளி நின்றுகொண்டது. அவிழ்த்துவிட்டால் இடத்தன் முற்றத்தில் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வரும். சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு பகல் முழுக்க நிற்கும். தொழுவத்துக்கு வழி மறந்துபோயிற்று.

என்னையும் மறந்திருந்தது. ஒருநாள் அதே கம்போடு பக்கத்தில் போனேன். ஒதுங்கவில்லை. கம்பின் நுனியை நக்கியது. என்னைக் கண்டு பயந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே மனைவியிடம் சொன்னேன். "கல்லு இல்லட்டி. நான் அடிச்சதாக்கும்."

அவள் கூடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கல்லுல முட்டினா நெத்தியிலல்லா படும்? கொம்புக்குப் பின்னால எப்படிப் படும்?"

"தெரிஞ்சா கேக்கப்பிடாதா?"

"கேட்டா இது சொகமாயிருமா?"

மார்கழியில் தண்ணீர் காட்டக் குளக்கரை வழியே கொண்டுபோனேன். வலப்பக்கம் கரை இடிந்திருந்தது அதற்குத் தெரியவில்லை. நான் கவனித்திருக்க வேண்டும். கால் தவறிச் சரிந்தபோது கயிறு என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. நாலு பேர் இறங்கிப் பிடித்தும் உயிரோடு கரையேற்ற முடியவில்லை.

வலத்தனை வேறொரு காளையோடு பூட்டிப் பார்த்தேன். முதல் ஏற்றத்திலேயே வண்டி தயங்க, என் கை தானாக முளைக்கம்புக்குப் போயிற்று. அங்கேயே இறங்கிவிட்டேன். மாடுகளையும் வண்டியையும் விற்றுவிட்டுப் பேச்சிப்பாறைப் பக்கம் மரம் வெட்டப் புறப்பட்டேன். மனைவி என்னோடு வரவில்லை. வா என்று நானும் கூப்பிடவில்லை.