மங்கை அக்கா கட்டித் தந்த நூல்

நிலாவெளிக்காரர் ஒருவருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தபோது மங்கை அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா விடியக்காலமை மோசம் போயிட்டா." அளவு தப்பிவிட்டது. மறுபடி அளந்து கொடுத்துவிட்டு, செத்த வீட்டுக்குப் போகக் கடையைப் பூட்டினேன்.

மிருக வைத்தியசாலையில் மாட்டையும் நாயையும் பிடித்துக் கட்டுகிற வேலையில் அக்காவை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். எனக்கு அவர் நெருக்கமானது ஜிம்மியால்.

சண்டைக் காலம். பக்கத்து வீட்டார் கனடா போகும்போது விட்டுப்போன நாய் அது. ஒரு வயது, கன்றுக்குட்டியின் பலம். வீட்டில் விட்டால் மதில் பாய்ந்து என் பின்னால் வந்துவிடும். என் ஓர்ஸ் ஹில் வீட்டுக்கும் துறைமுகத்தடிக் கடைக்கும் நடுவே ஆமிச் சென்றி, இராணுவக் காவலரண். கயிற்றில் பிடித்துப் போவதைத் தவிர வழியில்லை. ஒருநாள் சென்றியில் நின்றவனை நோக்கி ஜிம்மி பாய்ந்தது. கயிறு உரசி என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. இன்னொரு முறை பாய்ந்தால் சுடுவேன் என்று அவன் துவக்கை நீட்டினான். பகிடிக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

நான் கயிற்று வியாபாரி. இன்னும் தடித்த கயிறு போட்டேன். ஜிம்மி இன்னும் பலமாக இழுத்தது. கடைசியில் அக்காவிடம் போனேன்.

"என்ன முதலாளி, நீங்கள் நாயைக் கொண்டு வந்தனீங்களோ, நாய் உங்களைக் கொண்டு வந்ததோ?"

"சிரிக்காதேங்கோ அக்கா. சுட்டுப்போடுவாங்கள்."

"விலை பேசேக்க ஒருத்தன் போட்டு இழுத்தா என்ன செய்வீங்கள்?"

"பேசாம நிப்பன். அவனே இறங்கி வருவான்."

"கடையில தெரிஞ்சது றோட்டில தெரியேல்லையோ? கயிறு இறுகினா நில்லுங்கோ, தளர்ந்தா நடவுங்கோ. அவ்வளவுதான்."

முதல் நாள் ஒழுங்கை முனையைக்கூடத் தாண்டவில்லை. "லைட் போஸ்றுக்குத் துணையோ முதலாளி?" என்று சைக்கிளில் போனவர்கள் கேட்டார்கள். நாலாம் நாள் சென்றிக்கு எதிரே வந்துவிட்டோம். அங்கேயும் நின்று நின்று நடந்தேன். சும்மா நிற்கிறவனை உளவு பார்க்கிறான் என்று பிடித்துப்போன காலம் அது என்பதை மறந்துவிட்டேன்.

என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் சிங்களம் விலை பேசுவதோடு சரி. யாரோ சொல்லி, அக்கா வேலை உடுப்போடு ஓடி வந்தார். சிங்களத்தில் விளக்கினார், அவர்கள் நம்பவில்லை. உடனே தன் அட்டையை எடுத்து என் அட்டைக்கு மேல் வைத்தார். "இவருக்கு நான் பொறுப்பு." கூடப் பிறந்தவனுக்கே அப்படிச் சொல்லப் பயந்த நாட்கள். வீட்டில் அவருக்கு மூன்று பிள்ளைகள். அட்டைகள் திரும்பி வர மத்தியானமாயிற்று. அதுவரை எனக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றார்.

"உங்களுக்கேன் அக்கா இந்த வில்லங்கம்?"

"நிக்கச் சொன்னது நான்தானே."

ஒரு மாதம் கழித்து, அக்கா ஜிம்மியின் தடித்த கயிற்றை அவிழ்த்துவிட்டு, மீன்வலைக் கிழிசல் பொத்துகிற மெல்லிய நூலைக் கட்டினார். "இனி இதில கொண்டு போங்கோ."

"ஏலாது அக்கா. அறுந்தா?"

"அவன் இழுத்தாத்தானே அறும்."

அந்த நூலோடு போனபோது சென்றியடியில் நின்றவனின் துவக்கு அசைந்தது. ஜிம்மி பாயப் பார்த்தது, நூல் விறைத்தது. நான் நின்றேன். ஜிம்மி என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஓரடி பின்னால் வந்தது. முன்னொருநாள் சுடுவேன் என்றவன் கையை ஆட்டி எங்களைப் போகச் சொன்னான்.

ஜிம்மி வயதாகித்தான் செத்தது. இன்று அக்காவும் இல்லை. அவர் கட்டிய முடிச்சோடு அந்த நூல் என் கடை மேசை லாச்சிக்குள் இருக்கிறது. ஒருநாளும் அறுந்ததில்லை.