மூன்று வண்டிகளும் கவரைப்பேட்டை அறையும்

முதல் வண்டியை வாங்கிய ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். என் அப்பா, அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், அம்மாவின் தம்பியான மாமா, மோட்டார் சைக்கிளை விற்ற ஓய்வுபெற்ற போலீஸ்காரர், நான். அம்மா வரவில்லை. பசு இன்றைக்கோ நாளைக்கோ கன்று போட்டுவிடும் என்று கொட்டகையிலேயே இருந்துவிட்டாள். அண்ணன் இல்லை, அவன் சில வருஷமாகவே இல்லை. என்னோடு வேலை பார்க்கும் நண்பனும் இல்லை. அவன் அதே நேரத்தில் கவரைப்பேட்டையில், எங்கள் இருவருக்குமாகப் பார்த்துவைத்த அறையின் வாசலில், நான் பெட்டியோடு வருவேன் என்று காத்துக்கொண்டிருந்தான்.

வீடு திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில். வேலை கும்மிடிப்பூண்டியில், புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியில், ஃபிட்டராக. நடுவில் முப்பது மைல். எங்கள் ஊர் ரயில் ஒரு பாதை, கும்மிடிப்பூண்டி ரயில் வேறு பாதை. இரண்டும் மெட்ராஸ் பக்கம் போனால்தான் ஒன்றையொன்று பார்க்கும். பஸ்ஸில் பெரியபாளையம் போய் மாறிப் போனால் சங்கு ஊதிய பிறகுதான் கேட்டுக்குள் நுழைய முடியும். எனவே அறை. பங்கு வாடகை பதினைந்து ரூபாய். பக்கத்திலேயே இருந்தால் மாலையில் படித்து டிராயிங் பரீட்சை எழுதலாம், பாஸ் செய்தால் டிராயிங் ஆபீஸுக்கு எடுத்துக்கொள்வதாக ஃபோர்மேனே சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் படிப்பு அரமும் சுத்தியலுமாக நின்றுவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி இருந்தது.

ஆனால் 'ரூம்' என்ற சொல் எங்கள் வீட்டில் ஆகாத சொல். அண்ணன் ஹார்பர் வேலைக்குப் போய் ராயபுரத்தில் ரூம் எடுத்தான். முதலில் வாராவாரம் வந்தான். பிறகு மாதத்துக்கு ஒரு முறை. பிறகு மணியார்டர் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

நான் அறையைப் பற்றிச் சொன்ன அன்று நைனா நின்றபடியே கேட்டுக்கொண்டார். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர்; தோளில் போட்ட கோணியைக்கூட இறக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் போலீஸ்காரர் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"ரூமு இன்னாத்துக்குடா? இத வச்சிக்க. காலைல போ, சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடு."

"நைனா, இது பட்டாளத்து வண்டி. என் வயசு ஆவும் இதுக்கு."

"உன் வயசு ஆனா இன்னா? நீ மட்டும் ஓடலயா?" என்றார் மாமா.

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே சாவியை என் கையில் வைத்தார். வீட்டுக்கு வந்தபோது பசு கிடேரிக் கன்று போட்டிருந்தது. அம்மா வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு ஒரு பொட்டக்குட்டி பொறந்துட்டா, நீங்க இன்னாத்த இட்டாந்தீங்களோ" என்றாள்.

மணவாள நகரில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வண்டியை யார் வாங்கினாலும் அது விற்றவர் பேரிலேயேதான் இருக்கும். இரண்டு வருஷம் ஓட்டியும் அது 'போலீஸ்காரர் வண்டி'தான். கிக்கரை உதைத்தால் அது திருப்பி உதைக்கும். என் வலது கணுக்கால் வீங்காத வாரம் கிடையாது. ஆடி மாதம் முழுக்கப் பெரியபாளையம் கோயிலுக்குப் போகும் மாட்டுவண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். இஞ்சின் சூடு முழங்காலைச் சுட, வேப்பிலை வாசனையில் நானும் ஒரு நேர்த்திக்கடன் போல ஊர்ந்து போவேன்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவைதான். பொறுக்க முடியாதது சத்தம். அந்த வண்டியின் சத்தம் நைனாவுக்குப் பழகிவிட்டது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நான் நிற்கும்போதே அவர் எழுந்து தெருமுனைக்கு வந்துவிடுவார். அவர் எழுந்ததைப் பார்த்து அம்மா உலையில் அரிசி போடுவாள். ஒருநாள் பெரியபாளையத்தில் டீ குடித்துவிட்டு, யாரோ படிக்கக் கொடுத்த பேப்பரைப் புரட்டிவிட்டு அரைமணி தாமதமாக வந்தேன். நைனா கேட்டையும் தாண்டி, ஆற்றுப் பக்கம் போகும் சாலையில், செருப்பில்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தார். திட்டவில்லை. "வந்துட்டியா, வா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வண்டிக்கு முன்னால் நடந்தார். பின்னால் உட்கார் என்று எவ்வளவு சொன்னாலும் உட்கார மாட்டார். "உன் வண்டிடா, நீ போ" என்பார். போய்விடவா முடியும்? நானும் கால்களைத் தரையில் தேய்த்துக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தேன். அதற்குப் பிறகு நான் எங்கேயும் டீ குடிக்க நிற்கவில்லை.

கம்பெனியில் நண்பன் கேலி செய்வான். சங்கு ஊதியதும் நான் ஓடுவதைப் பார்த்து, "ஓடுபா ஓடு, ஊட்ல ஒல வச்சிட்டாங்க!" என்று கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். அவன் நிதானமாகக் கை கழுவிக்கொண்டு நடந்தே ஸ்டேஷனுக்குப் போவான். அறைக்குப் போய்க் குளித்துவிட்டு, டிராயிங் பலகையைச் சுவரில் சாய்த்து வரைந்து பழகுவான். எனக்கு வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கண்ணில் மண், கையில் கிரீஸ், முதுகு முழுக்க வலி. பலகையை மடியில் வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அவன் பரீட்சையில் பாஸ் செய்து டிராயிங் ஆபீஸுக்குப் போனான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மெஷின் ஷாப்புக்குள் வந்தவன், "அடுத்த தபா நீதான். ரூமுல இன்னும் ஒரு பாய் போட எடம் கீது" என்றான்.

போலீஸ்காரர் வண்டி, வழியிலிருக்கும் வெங்கலைத் தாண்டி ஒருநாள் கியர்பாக்ஸ் உடைந்து நின்றது. பல் உடைந்த சக்கரத்தை மெக்கானிக் கையில் எடுத்துக் காட்டியபோது, சாவு வீட்டில் சிரிப்பு வந்ததைப் போல எனக்குள் ஒரு சந்தோஷம். அன்று ராத்திரியே பெட்டியைத் துடைத்து வைத்தேன். மூன்றாம் நாள் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது வாசலில் வேறொரு வண்டி நின்றது. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஓட்டியது.

"ஆயில் மட்டும் கொஞ்சம் குடிக்குமாம். அத நான் பாத்துக்கறேன்" என்றார் நைனா.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். அந்த வண்டியில் சீட்டுக்குக் கீழே ஆயிலுக்கென்று தனியாக ஒரு டேங்க். காலையில் நான் எழுவதற்கு முன்பே அவர் எழுந்து, மூடியைத் திறந்து, விரலை விட்டுப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றி, மாட்டைத் துடைப்பதுபோல் வண்டியைத் துடைத்துவைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷனுக்கு அந்த வேலையில் ஒரு கௌரவம். மில்லில் போய், "எம் புள்ள வண்டிக்கு ஆயில் ஊத்திட்டு வரேன், அதான் லேட்டு" என்று சொல்வாராம். ஐப்பசி மழையில் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலத்தில் நடுவழியில் தண்ணீர் ஏறி, அந்த வண்டியும் நானும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். என்னை ஆட்கள் இழுத்துவிட்டார்கள். வண்டியை மறுநாள் மண் நிரம்பியபடி எடுத்தோம். இரண்டு வாரத்தில் அது தன் உயிரை விட்டது.

இந்த முறை நான் வாயைத் திறந்து கேட்டேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தாள்.

"நைனா, நான் அண்ணன் மாதிரி இல்ல. சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடுவேன். என்னை வுட்டுடு."

அவர் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னொண்ணு பாத்து வச்சிருக்கேன்டா. வாத்தியார் வண்டி. நல்ல வண்டி. இதுவும் நின்னுச்சின்னா நீ ரூமு பாத்துக்க. நான் குறுக்க வரமாட்டேன். உங்கம்மா சாட்சி."

"என்ன ஏன் சாட்சிக்கு இழுக்கற?" என்றாள் அம்மா. ஆனாலும் சாட்சியாக இருந்தாள்.

வாத்தியார் வண்டி உண்மையிலேயே நல்ல வண்டி. அதுதான் என் துரதிர்ஷ்டம். மெரூன் நிறம், இரண்டு சைலன்ஸர். உதைக்கிற கிக்கரையே முன்னால் தள்ளினால் கியர். முதல் உதையிலேயே கிளம்பும். ஒவ்வொரு நாள் காலையும் இது கிளம்பக் கூடாதா என்று நினைத்துக்கொண்டு உதைப்பேன், அது கிளம்பும். நன்றாக ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து அது கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே முப்பது மைல் போவது எப்படியிருக்கும் என்று யாரிடம் சொல்ல?

அந்த வண்டிக்கு ஆயில் டேங்க் கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். வண்டி வந்த அன்றே நைனாவிடம் சொன்னேன்: "இதுக்கும் ஆயில் வேணும். ஆனா பெட்ரோலோட." அவர் தலையாட்டினார். பங்க்கில் நானே கலந்து போட்டுக்கொள்வதால் அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை.

பிறகு பெட்ரோல் விலை ஏறப்போகிறது, கிடைக்காமல் போகப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். நைனா ஒரு கேனை எடுத்துக்கொண்டு திருவள்ளூர் பங்க்கில் க்யூவில் நின்று பெட்ரோல் வாங்கி வந்து டேங்கை நிரப்பினார். ஆயிலும் ஒரு டின் வாங்கினார். எனக்கு ஒன்றும் தெரியாது.

திங்கட்கிழமை காலை வெங்கலைத் தாண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். சத்தம் திடீரென்று மாறியது. அடுத்த நொடி பின்சக்கரம் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது. வண்டி வழுக்கிக்கொண்டே போய் வரப்பில் மோதியது. நான் நாற்றங்காலில் விழுந்தேன். முழங்கை தோல் உரிந்திருந்தது. சேற்றில் உட்கார்ந்தபடி கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. இஞ்சின் ஜாம்.

நின்றுவிட்டது. அம்மா சாட்சி.

வண்டியை ஒரு டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, லாரி ஏறிக் கம்பெனிக்குப் போனேன். சேறும் ரத்தமுமாக நேரே டிராயிங் ஆபீஸ் வாசலில் நின்று நண்பனைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பாய் போடற எடம் இன்னும் கீதா?"

அவன் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "மொதல்ல குளிபா. பாய் நாறிப்பூடும்" என்றான். நான் சிரித்தேன். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வண்டியை மாட்டுவண்டியில் ஏற்றி, மணவாள நகர் மெக்கானிக்கிடம் கொண்டுவந்தோம். நைனாவும் கூட வந்தார். மெக்கானிக் ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரைப் பார்த்ததுமே, "ஆயிலே கலக்கலயே, யாரு பெட்ரோல் போட்டது?" என்றார்.

"நான்தான். ஆயிலும் ஊத்தினனே" என்றார் நைனா.

"எங்க ஊத்தின?"

நைனா குனிந்து, இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மூடியைத் தொட்டுக் காட்டினார். அது கியர்பாக்ஸ் மூடி. கம்பவுண்டர் வண்டியைப் போல இதற்கும் ஆயிலுக்குத் தனி வாய் இருக்கும் என்று தேடி, கிடைத்த ஓட்டையில் டின் முழுவதையும் ஊற்றியிருக்கிறார்.

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். "பெரியவரே, குடிக்கக் குடுக்கற கஞ்சிய காதுல ஊத்திட்டியே!"

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நைனா மூடிமேல் வைத்த விரலை எடுக்கவில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகக் கழற்றிப் போட்ட போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவராகவே ஆரம்பித்தார். "பேசினது பேசினதுதான். நின்னுச்சி. நீ கெளம்பு."



மறுநாள் மாலை பஸ்ஸில் வந்து இறங்கினால் கொட்டகையில் பசு மட்டும் கத்திக்கொண்டிருந்தது. கிடேரியைக் காணோம். முதல் வண்டி வந்த அன்று பிறந்தது. சினைக்கு விடும் பருவம். அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு பேரும் சேந்து எங் கண்ணுக்குட்டிய பெட்ரோல்ல ஊத்திட்டீங்க" என்றாள்.

நைனா கிடேரியை விற்ற பணத்தை அப்படியே மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டிருந்தார். என்னை நிறுத்திவைக்கத்தான் என்று நினைத்து எனக்குக் கோபம் பொங்கியது. "எதுக்கு நைனா இப்படிப் பேஜார் பண்ற? நான்தான் போறேன்னு..."

"போ. யாரு வேணாம்னது?" என்றார். "நான் கெடுத்தத நான் சரி பண்றேன். சரியாயி வரட்டும், அதுலயே ரூமுக்குப் போ. நடந்து போவாத. வண்டி இருந்தா வர்றதுக்கும் ஆவும்."

வண்டி தயாராகி வந்த மறுநாள் காலை, பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டியவர் அவர்தான். கிடேரியைக் கட்டிவைத்திருந்த கயிறு. வேறு கயிறு வீட்டில் இல்லை. மெக்கானிக்கிடம் கேட்டு, டேங்கில் ஆயிலைக் கலந்து ஊற்றியிருந்தார். என்னிடம் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். "சரியா கீதா?" என்றார். "சரியா கீது நைனா."

அன்று சங்கு ஊதியதும் நண்பன் கேட்டில் காத்திருந்தான். கவரைப்பேட்டை வரை என் பின்னால், பெட்டியோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தான். அறை வாசலில் இறங்கிக் கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தான். முடிச்சு வரவில்லை. மாட்டுக்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். எனக்கு அதை அவிழ்க்கத் தெரியும். நான் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

"இன்னாபா?" என்றான்.

"அப்புறம் வரேன்" என்றேன்.

அவன் பலகை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கியரைத் தள்ளினேன்.

ரயில்வே கேட்டில் நைனா நின்றுகொண்டிருந்தார். நான் வர மாட்டேன் என்று தெரிந்தும் நின்றிருக்கிறார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாடா, எதனா மறந்துட்டியா?"

"ஆமா நைனா. ஏறு."

அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் என் தோளைப் பிடித்துக்கொண்ட பிடி, மூட்டையைப் பிடிக்கிற பிடி. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். தெருவில் யாரோ, "வாத்தியார் வண்டி வந்துடுச்சி" என்றார்கள்.

இன்னும் அதே வண்டியில்தான் போய் வருகிறேன். பரீட்சை எழுதவில்லை. அந்த ரிப்பேருக்குச் சிலிண்டர் ரீபோர், புதுப் பிஸ்டன், ரிங், கூலி எல்லாம் சேர்த்து, கிடேரி போன விலையில் ஒரு பைசா மிச்சமில்லாமல், முன்னூற்று நாற்பது ரூபாய்.